பைக்கின் பின் சஸ்பென்ஷனை மூன்று சக்கர வண்டிக்கு மாற்றுவது: ஸ்பிரிங் தாங்கும், ஸ்விங்ஆர்ம் தாங்குமா?

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இருவர் அருகருகே உட்காரும் வண்டி. ஆட்களோடு மொத்தம் 430 கிலோ வரும், அதில் 150 கிலோ பின்சக்கரத்தின் மேல் விழும் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது நடுத்தர பைக் ஒன்றின் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கை), லிங்கேஜ் (அந்தக் கையை ஷாக்கோடு இணைக்கும் நெம்பு), மோனோஷாக் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒற்றை ஷாக்), பின்சக்கரம் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதி. நீங்கள் கேட்டவை நான்கு: அந்த ஸ்பிரிங் தாங்குமா, தாங்காவிட்டால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைப்பதை) ஏற்றினால் போதுமா, லிங்கேஜைக் கழற்றிவிட்டு ஷாக்கை நேராகப் பொருத்தலாமா, முன்சக்கரங்களுக்கும் இதே மோனோஷாக்கில் இரண்டு வாங்கிப் போடலாமா.

ஸ்பிரிங் பெரும்பாலும் தாங்கும். தாங்காத ஸ்பிரிங்குக்குப் பிரீலோடு மருந்தல்ல. லிங்கேஜைக் கழற்றாதீர்கள். முன்னால் மோனோஷாக் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காத ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது, இந்த வேலையில் அதுதான் தலையானது: அந்த ஸ்விங்ஆர்ம் பக்கவாட்டு விசையைத் தாங்குமா?

பைக் வளைவில் சாய்கிறது. புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்கமுடுக்கத்தில் திரும்பும்போது அது ஏறத்தாழ 39 பாகை சாய்ந்திருக்கும். எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்த மொத்த விசை அப்போது சக்கரத்தின் தளத்திலேயே, அதாவது டயரிலிருந்து அச்சு வழியாக ஷாக்கை நோக்கி, ஏறக்குறைய நேராகச் செல்கிறது. அளவில் அது எடையைப் போல 1.28 மடங்கு. ஆகவே பைக்கின் ஷாக் வளைவில் கூடுதலாக அமுங்குகிறது. சக்கரமும் ஸ்விங்ஆர்மும் பக்கவாட்டில் கிட்டத்தட்ட எதையும் உணர்வதில்லை. பைக்கின் பின்பக்கம் முழுவதும் இந்த ஒரு அனுமானத்தின் மேல்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வண்டி சாயாது. அதே 0.8 மடங்கில் 150 கிலோ சுமக்கும் பின்சக்கரத்தின் அடியில் சுமார் 1,180 நியூட்டன் பக்கவிசை விழும். அச்சு தரையிலிருந்து 310 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஈரத் துணியைப் பிழிவதுபோல ஸ்விங்ஆர்மை முறுக்கும் திருப்பம் 366 நியூட்டன் மீட்டர். ஸ்விங்ஆர்மின் நீளம் 560 மில்லிமீட்டர் என்றால் பிவட்டை, அதாவது ஸ்விங்ஆர்ம் சேஸிஸோடு சேர்ந்து ஆடும் மூட்டை, பக்கவாட்டில் நெம்பும் திருப்பம் 660 நியூட்டன் மீட்டர். பிவட்டின் இரு பேரிங்குகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் தலா 3,300 நியூட்டன் தாங்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். இடப்பக்கம், வலப்பக்கம் என்று திசை மாறி மாறி வருவதால், உலோகம் களைத்து விரிசல் விடுவதற்கு ஏற்ற சூழ்நிலையும் இதுவே.

புது விஷயமில்லை இது. பக்கத்தொட்டி (சைட்கார்) பூட்டிய பைக்குகளும் சாய்வதில்லை. அதனால்தான் அவற்றைக் கட்டுபவர்கள் கனமான கம்பிச் சக்கரங்களுக்கோ கார்ச் சக்கரங்களுக்கோ மாறுகிறார்கள், ஸ்விங்ஆர்முக்கு அணை கொடுக்கிறார்கள். 2007-ல் வெளிவந்த கேன்-ஆம் ஸ்பைடரைப் பாருங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, பின்னால் ஸ்விங்ஆர்மும் ஒற்றை ஷாக்கும், பார்ப்பதற்குப் பைக்கின் உறவுதான். ஆனால் பின் டயர் 225/50 அளவில் 15 அங்குல ரிம்மில் உட்காரும், கார் டயர் போன்ற தட்டையான டயர். நிறுவனத்தின் பொறியாளர்கள் பைக் டயரை அங்கே போடாததற்குக் காரணம் உண்டு.

இனி உங்கள் கையில் உள்ளதைப் பார்ப்போம். ஸ்விங்ஆர்ம் புதிய வகை, அதாவது பெட்டி வடிவக் குறுக்குவெட்டும் பிவட்டுக்குப் பின்னால் கனமான குறுக்குப் பாலமும் கொண்டது என்றால், விறைப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மெல்லிய உருளைக் குழாய்கள் இரண்டைக் கொண்ட பழைய இரட்டை ஷாக் வகை என்றால் அதை நம்ப மாட்டேன். எதுவானாலும் ஊகத்தில் விடாமல் அளந்து பார்த்துவிடலாம். பிவட்டை அசையாத மேசையில் இறுக்குங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு குழாயை வைத்து அச்சை அசையாதபடி முடுக்குங்கள். அச்சோடு ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் குறுக்காக, பக்கவாட்டில் நீட்டிப் பிணைத்து, அதன் நுனியில் 20 கிலோ தொங்கவிடுங்கள். அது 196 நியூட்டன் மீட்டர். சுமை ஏற்றிய கம்பி தானே வளையும், ஆகையால் அதன் நுனியை அளக்காதீர்கள். அச்சில் தனியாக ஒரு சுட்டுமுள் வைத்து அதை அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளச் சுட்டுமுள்ளின் நுனி 9 மில்லிமீட்டர் இறங்கினால் முறுக்கம் அரை பாகை. என் அளவுகோலில் அது எல்லை. அதைத் தாண்டினால் அந்த ஸ்விங்ஆர்மை வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வளைவில் நிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தாண்டிவிட்டால் என்ன செய்வது? அலுமினிய ஸ்விங்ஆர்மில் வெல்டிங் வைத்து அணை கொடுக்கலாம் என்று முதலில் தோன்றும். வேண்டாம். வெப்பப்பதம் செய்த அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட பகுதி ஏறத்தாழ பாதி வலிமையை இழந்துவிடும். மீண்டும் பதம் செய்யும் உலை வீட்டில் இருக்காது. வார்ப்பு அலுமினியப் பகுதி என்றால் இன்னும் மோசம். என்னைக் கேட்டால், பழைய பிவட் போல்ட், பேரிங்குகள், ஸ்பேசர்கள், அச்சு, செயின் சரிசெய்யும் கட்டைகள், லிங்கேஜ், ஷாக் ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவற்றைச் சுற்றி எஃகில் புது ஸ்விங்ஆர்ம் ஒன்றைக் கட்டுவேன். எடை இரண்டு மூன்று கிலோ கூடும், கூடட்டும்.

கட்டும்போது உலோகத்தை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். இரு கைகள் கொண்ட ஸ்விங்ஆர்ம் முறுக்கப்படும்போது ஒரு கை மேலும் ஒரு கை கீழும் போக முயல்கிறது. அதைத் தடுப்பது பிவட்டுக்கு உடனே பின்னால் உள்ள குறுக்குக் குழாய். அந்தக் குழாயை இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய விட்டத்தில் போடுங்கள். சுவர்த் தடிமன் மாறாமல் விட்டத்தை 40-லிருந்து 50 மில்லிமீட்டராக்கினால் எடை கால் பங்குதான் கூடும். முறுக்கு விறைப்போ ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனென்றால் அது விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. தகட்டை வளைத்துச் செய்த திறந்த 'ப' வடிவப் பாலம் பார்வைக்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முறுக்கத்துக்கு உதவாது. குறுக்குவெட்டு மூடியதாக இருக்க வேண்டும்.

பிவட் பேரிங்குகளையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பல பைக்குகளில் அங்கே இருப்பவை மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங்குகள். அவை ஆரத் திசையில் நிறையத் தாங்கும், அச்சுத் திசையில் எதையும் தாங்காது. பக்கத்திலிருந்து வரும் 1,180 நியூட்டனை ஒரு மெல்லிய உந்து வாஷர் (திரஸ்ட் வாஷர்) தான் ஏற்கும். தேய்ந்து ஆடத் தொடங்கினால் வண்டி பின்னாலிருந்து தானே திசை திருப்பும். வாஷரைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் செல்லும் வழி அடைபடாமல் வைத்து, இடைவெளியை அவ்வப்போது பாருங்கள்.

சக்கரம். கம்பிச் சக்கரம் என்றால் மாற்றுங்கள். கம்பிகள் ரிம்மின் தளத்திலிருந்து வெகு சிறிய கோணத்தில்தான் விலகிச் செல்கின்றன. பக்கவிசைக்கு அந்தச் சிறு கோணம் மட்டுமே துணை. வார்ப்பு அலாய் சக்கரம் இதைவிட நல்லது. டயரைப் பொறுத்தவரை எடை பிரச்சினையே இல்லை: 69 என்ற சுமைக் குறியீடு கொண்ட பைக் டயர் 325 கிலோ வரை தாங்கும், உங்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம். பிரச்சினை உருவத்தில் இருக்கிறது. பைக் டயரின் குறுக்குவெட்டு வளைந்தது. சாய்ந்து ஓடும்போது அந்தச் சாய்வே பக்கவிசையை உண்டாக்கித் தரும். நிமிர்ந்தே ஓடினால் நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் தரையைத் தொட்டு, அது மட்டுமே தேய்ந்து, சீக்கிரம் தட்டையாகும். குறைந்த வேகத்தில் ஓட்டும் இலகுவான வண்டிக்கு அது போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் இருவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவதாக இருந்தால் தட்டையான டயர் வேண்டும். ஆனால் கார் டயரை பைக் ரிம்மில் ஏற்றக் கூடாது: டயரின் ஓரவளையம் உட்காரும் இடத்தின் உருவம் இரண்டிலும் வேறு. கார் ரிம்மை உங்கள் ஹப்பில் பொருத்த ஒரு தட்டு கடைந்துகொள்வது சரியான வழி. அப்போது அகலம் கூடும், செயின் டயரின் பக்கச்சுவரில் உரசும், ஸ்பிராக்கெட்டை வெளியே தள்ள வேண்டிவரும், ஸ்விங்ஆர்மின் உள்ளகலம் போதாது. புது ஸ்விங்ஆர்ம் கட்டுவதற்கு இது இன்னொரு காரணம். ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் கிடைத்தால் இந்தத் தலைவலியில் பாதி போய்விடும், ஏனென்றால் ஒருபக்கம் முழுவதும் திறந்தே இருக்கும். அந்த ஒரே கை முறுக்கத்தைத் தாங்குவதற்கென்றே தடிமனாகச் செய்யப்பட்டிருக்கும். ஹோண்டாவின் 1990-ஆம் ஆண்டு விஎஃப்ஆர்750, டுகாட்டியின் 916 போன்றவை அவ்வகை.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருகிறேன். ஷாக்குக்குச் சக்கரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதன் இரு கண்களுக்கு நடுவே வரும் விசையும் நகர்வும் மட்டுமே தெரியும். ஆகவே முதலில் வேண்டியது நெம்பு விகிதம்: சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறினால் ஷாக் ஒரு மில்லிமீட்டர் சுருங்குகிறது. ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஷாக்கின் இரு கண்களுக்கு இடையே உள்ள நீளத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகல் வேலை. இதைச் செய்யாமல் வாங்கப்படும் எந்த ஸ்பிரிங்கும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான். மோனோஷாக் பைக்குகளில் விகிதம் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கும், லிங்கேஜ் இருந்தால் சக்கரம் ஏற ஏறக் குறையும். உங்களுடையது சராசரியாக 2.5 என்று வைத்துக்கொள்வோம்.

விகிதம் இருமடியாகச் செயல்படுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை விகிதத்தின் இருமடியால் வகுத்தது. விகிதம் விசையையும் ஒருமுறை மாற்றுகிறது, நகர்வையும் ஒருமுறை மாற்றுகிறது, ஆகவேதான் இருமடி.

பின்சக்கரத்தின் 150 கிலோவில் சக்கரம், டயர், ஸ்விங்ஆர்மில் பாதி என்று 22 கிலோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது; மேலே 128 கிலோ. விளையாட்டுக் கார்போல இறுக்கமாகவும் இல்லாமல், படகுபோல மிதக்கவும் செய்யாமல் இருக்க, பின்பக்கத்தின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 1.8 என்று எடுத்துக்கொள்கிறேன். 128 கிலோவுக்கு அதைத் தரும் சக்கர விறைப்பு மில்லிமீட்டருக்கு 16.4 நியூட்டன். 2.5-இன் இருமடியான 6.25-ஆல் பெருக்கினால் 102. அதாவது மில்லிமீட்டருக்கு சுமார் 100 நியூட்டன் உள்ள ஸ்பிரிங். நடுத்தர பைக்குகளின் மோனோஷாக்கில் சாதாரணமாக இருப்பதும் அதையொட்டிய அளவுதான்! வியப்புக்குரியதல்ல. 200 கிலோ பைக்கில் ஓட்டுபவரும் பின்னால் ஒருவரும் உட்கார்ந்தால் பின்சக்கரத்துக்கு 200 கிலோவுக்கு மேலேயே வரும். உங்கள் வண்டியின் பின்சக்கரம் அதைவிடக் குறைவாகச் சுமக்கிறது. "காரைப் போன்ற வண்டிக்கு பைக்கின் ஸ்பிரிங் எப்படிப் போதும்" என்ற பயம் மொத்த எடையைப் பார்ப்பதால் வருவது. சக்கரத்தின் எடையைப் பார்த்தால் போய்விடும்.

உங்கள் ஸ்பிரிங்கின் மேல் எண் அச்சிடப்படவில்லை என்றால் அளந்து கணக்கிடலாம். கம்பியின் தடிமனின் நான்காம் மடியை எஃகின் முறுக்கு மாறிலியான 79,000-ஆல் பெருக்கி, சுருளின் சராசரி விட்டத்தின் மும்மடி, செயல்படும் சுற்றுகளின் எண்ணிக்கை, 8 ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்கவும், அளவெல்லாம் மில்லிமீட்டரில். 11 மில்லிமீட்டர் கம்பி, 60 மில்லிமீட்டர் சராசரி விட்டம், 6 சுற்று என்றால் ஏறத்தாழ 112 நியூட்டன். கம்பி 12 மில்லிமீட்டர் என்றால் 158. ஒரு மில்லிமீட்டர் தடிமன் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது. ஆகவே பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்து அளக்கவும், அளவுநாடாவால் அல்ல. இரு முனைகளிலும் தட்டையாக உட்காரும் சுற்றுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பிரீலோடு ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. வண்டியின் உயரத்தை மட்டும்தான் மாற்றும். நூறு நியூட்டன் ஸ்பிரிங்கை எவ்வளவு திருகினாலும் அது நூறு நியூட்டன் ஸ்பிரிங்தான். அடுத்த மில்லிமீட்டர் அமுங்க அதே நூறு நியூட்டன்தான் கேட்கும். பிரீலோடை ஏற்றியதும் கையால் அழுத்தினால் கெட்டியாக உணர்வதற்குக் காரணம், முதலில் இறுக்கிவைத்த விசையைத் தாண்டும்வரை அது அசையாததுதான். பிரீலோடின் உண்மையான வேலை, வண்டி தன் எடையில் எங்கே நிற்கிறது என்பதை அமைப்பது. சக்கர நகர்வு மொத்தம் 130 மில்லிமீட்டர் என்றால், இருவர் உட்கார்ந்த பின் அதில் மூன்றில் ஒரு பங்கு, 40 முதல் 45 மில்லிமீட்டர், இறங்கி நிற்கட்டும். மேலே போட்ட கணக்கின்படி முற்றிலும் தளர்ந்த ஸ்பிரிங் 77 மில்லிமீட்டர் இறங்கும். மிச்சமுள்ள 35 மில்லிமீட்டரை 2.5-ஆல் வகுத்தால் ஸ்பிரிங்கில் 14 மில்லிமீட்டர் பிரீலோடு. திருகு வளையத்தில் இதைவிட வெகுவாகக் கூடுதலாக வேண்டியிருந்தால் ஸ்பிரிங் மெலிது என்று பொருள், மாற்றுங்கள்.

லிங்கேஜைக் கழற்ற வேண்டாம் என்றேன். கழற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ஷாக்கின் அடிக்கண்ணை ஸ்விங்ஆர்மின் நீளத்தில் 60 விழுக்காட்டில் நேராகப் பொருத்தினால் விகிதம் 1.67. அதே ஸ்பிரிங் சக்கரத்தில் 37 நியூட்டனாகிவிடும், அதிர்வெண் நொடிக்கு 2.7, முதுகுத்தண்டு எண்ணத் தொடங்கும். ஷாக்கின் 52 மில்லிமீட்டர் நகர்வு சக்கரத்தில் வெறும் 87 ஆகும். போதாக்குறைக்கு, ஸ்விங்ஆர்மின் கையில் அந்த இடம் ஷாக்கின் விசையை ஏற்கவென்று செய்யப்பட்டதல்ல. ஷாக்கைச் சாய்த்து மென்மையாக்கிக்கொள்ளலாம் என்று சிலர் செய்வதுண்டு: செங்கோணத்திலிருந்து 30 பாகை சாய்த்தால் சக்கர விறைப்பு முக்கால் பங்கு, 45 பாகையில் பாதி. கணக்குக்குச் சரி. ஆனால் நிறையச் சாய்த்த ஷாக், சக்கரம் ஏற ஏற இன்னும் சாய்ந்தால், தேவைப்படும் நேரத்தில் மெலிந்துபோகும். லிங்கேஜ் செய்வது இதற்கு நேர்மாறு.

லிங்கேஜை வைத்துக்கொண்டால் பழைய சேஸிஸில் இருந்த மூன்று புள்ளிகளையும், அதாவது ஸ்விங்ஆர்ம் பிவட், லிங்கேஜ் சேஸிஸோடு சேரும் இடம், ஷாக்கின் மேல்கண் ஆகியவற்றை, அதே இடைவெளியில் அதே கோணத்தில் புது வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய சேஸிஸை வெட்டுவதற்கு முன் ஒரு தடித்த தகட்டில் மூன்று துளைகளையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தகட்டையே அச்சாக வைத்து பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்யலாம். ஒரு புள்ளி பத்து மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் விகித வளைவு மாறிவிடும். மூன்றையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பிவட்டைச் சுற்றிச் சாய்ப்பதில் தவறில்லை. தங்களுக்குள் மாறாமல் இருந்தால் போதும்.

பிராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளத்தில் விழுந்து ஏறும்போது சக்கரத்தில் நிலை எடையைப் போல மூன்று மடங்கு விசை வருவதாக எடுத்துக்கொண்டால், 2.5 விகிதத்தில் ஷாக்கின் கண்ணில் 11,000 நியூட்டன், ஒரு டன்னுக்கு மேல். இரு பக்கமும் தகடு பிடித்த 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, 8.8 தரத்தில், இது விளையாட்டு. அதே போல்ட்டை ஒருபக்கம் மட்டும் பிடித்து 30 மில்லிமீட்டர் வெளியே நீட்டி அதில் ஷாக்கை மாட்டினால், வேரில் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 1,900 நியூட்டனைத் தாண்டும். அந்தப் போல்ட் 640-லேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் மட்டுமே மாட்டுங்கள். அந்தத் தகடுகளும் ஒரு குழாயின் நட்டநடுவில் அல்லாமல், குழாய்கள் சந்திக்கும் முடிச்சில் உட்காரட்டும்.

டாம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் தடை, பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை அதே அளவில் வைத்துக்கொள்வதாகவும், ஷாக் கசியாமல் நல்ல நிலையில் இருப்பதாகவும் இருந்தால் அது போதும். ஸ்பிரிங்கை மட்டும் 40 விழுக்காடு கூட்டினால் மீள்வுத் தடையை (ஸ்பிரிங் திரும்ப விரியும்போது உள்ள தடையை) ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி துள்ளும். திருகு இருந்தால் அதிலேயே பிடித்துவிடலாம். ஷாக்கைப் படுக்கவைக்கவோ தலைகீழாக மாட்டவோ எண்ணினால் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டும்: வாயுவைத் தனி மிதவைப் பிஸ்டனோ பையோ பிரித்துவைத்திருக்கும் ஷாக் எந்த நிலையிலும் வேலை செய்யும். எண்ணெய்க்கு மேல் காற்று சும்மா நிற்கும் எளிய இரட்டைக் குழாய் வகையைப் படுக்கவைத்தால் காற்று வால்வுக்குள் போய், முதல் சில மில்லிமீட்டர்களுக்குத் தடையே இருக்காது.

செயின் விஷயத்தில் பெரும்பாலோர் இடைவெளியை மட்டும் பார்க்கிறார்கள். இன்ஜின் ஸ்பிராக்கெட், பிவட், அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுகும். தளர்வை அந்த நிலையில் வைத்துப் பாருங்கள். ஸ்பிராக்கெட்டுக்கும் பிவட்டுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் தளர்வின் மாற்றமும் கூடும், ஆகவே இன்ஜினைப் பழைய இடைவெளியிலேயே வையுங்கள். கவனிக்கப்படாதது இன்னொன்று. முடுக்கும்போது எடை பின்னால் சாய்ந்து வண்டி குந்தப் பார்க்கும். செயினின் இழுப்பும் ஸ்விங்ஆர்மின் கீழ்நோக்கிய சாய்வும் அதை எதிர்த்துத் தூக்கும். பைக்கில் இரண்டும் ஏறக்குறைய சரியாகும்படி அமைத்திருப்பார்கள். பைக்கின் ஈர்ப்பு மைய உயரம் 0.6 மீட்டர், சக்கர இடைவெளி 1.4 என்றால் விகிதம் 0.43. உங்கள் வண்டியில் 0.45-க்கு 2.2, அதாவது 0.20. குந்தும் விசை பாதிக்கும் குறைவாகிவிட்டது, தூக்கும் விசை அப்படியே இருக்கிறது. ஸ்விங்ஆர்மை பைக்கில் இருந்த சாய்விலேயே பொருத்தினால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் எழும்பி ஷாக் நீளும். அந்நேரம் சாலை கரடுமுரடாக இருந்தால் சக்கரம் தரையை விட்டுக் குதிக்கக்கூடும். இருவர் உட்கார்ந்த நிலையில் ஸ்விங்ஆர்ம் கிட்டத்தட்ட கிடைமட்டமாக, அச்சு பிவட்டைவிடச் சற்றே தாழ்ந்து இருக்கட்டும். மேலே சொன்ன மூன்று புள்ளித் தொகுதியைச் சாய்ப்பது இதற்குத்தான் கைகொடுக்கும்.

பின்சக்கரத்தில் 35 விழுக்காடு எடை என்ற உங்கள் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒற்றைப் பின்சக்கரம் உருளலை (வளைவில் வண்டியின் உடல் வெளிப்புறமாகச் சரிவதை) எதிர்த்து ஒன்றும் செய்யாது. அந்த வேலை முழுவதும் முன் அச்சின் தலையில். முன் தட அகலம் 1.4 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.45, முன்னால் 65 விழுக்காடு எடை என்றால் வண்டி கவிழ ஈர்ப்பைப் போல ஏறத்தாழ 1.01 மடங்கு பக்கமுடுக்கம் வேண்டும். சாதாரண டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. இன்ஜினைப் பின்னால் தள்ளி எடையைப் பாதிப் பாதியாக்கினால் இந்த எல்லை 0.78-ஆக இறங்கும், வழுக்குவதற்கு முன் கவிழும் வண்டி அது. பைக்கின் பின்பாதியை இன்ஜினோடு அப்படியே வெட்டி ஒட்டும் திட்டங்களில் இந்தத் தவறு அடிக்கடி தலைகாட்டுகிறது.

முன்சக்கரங்களுக்கு மோனோஷாக் ஏன் வேண்டாம் என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். இரட்டைக் கை (டபுள் விஷ்போன்) அமைப்பில் முன்சக்கரத்தின் நெம்பு விகிதம் 1.4 அளவில்தான் வரும். நூறு நியூட்டன் ஸ்பிரிங் அங்கே சக்கரத்தில் 51 நியூட்டன். ஒரு மூலையில் 120 கிலோ மேற்சுமைக்கு நொடிக்கு 3.3 அதிர்வு. சாலை வண்டிக்கு அது மிக அதிகம். பழைய இரட்டை ஷாக் பைக்கின் பின் ஷாக்குகளில் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அளவில் இருக்கும், ஏனென்றால் அவை சக்கரத்துக்கு அருகில் விகிதம் ஒன்றையொட்டி வேலை செய்தவை. அதே 1.4-இல் சக்கரத்தில் 10 நியூட்டன், அதிர்வு 1.45. சற்று மென்மை. 25 நியூட்டன் ஸ்பிரிங் கிடைத்தால் 1.6-க்கு மேல் வரும், பின்பக்கத்தின் 1.8-க்குச் சற்றுக் கீழே. முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக அசைவதே வழக்கம். உருளலுக்கு முன்னால் ஒரு எதிருருளல் தண்டு (ஆன்டி-ரோல் பார்) சேர்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கை விறைப்பாக்கி உருளலைத் தடுக்க முயன்றால் சவாரி கெடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, ஷாக்கின் தண்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டு ஓட்டுங்கள். அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிவிடும். சாதாரணச் சாலையில் முழு நகர்வையும் தொட்டுவிட்டால் ஸ்பிரிங் மெலிது, பாதியைக்கூடத் தொடாவிட்டால் விறைப்பு. ஸ்விங்ஆர்மின் வெல்டிங் தையல்களிலும் பிவட்டைச் சுற்றியும் வெள்ளைப் பெயிண்ட் மெல்லிதாக அடித்து வையுங்கள், விரிசல் முதலில் அதில்தான் கறுப்புக் கோடாகத் தெரியும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் குறுக்குக் குழாய் கைகளோடு சேரும் நான்கு மூலைகளைப் பார்த்துவிடுங்கள்.